பிரம்ம கமலம் விரிவதை எடுக்க பழைய டிஜிட்டல் கேமராவா, போனா?

மாடித்தோட்டம்:
எங்கள் மாடியில் பிரம்ம கமலம் இந்த முறை நிறைய மொட்டு வைத்திருக்கிறது. இருட்டிய பிறகு விரியத் தொடங்கி, நள்ளிரவு வாக்கில் முழுதாக மலர்ந்து, விடிவதற்குள் தொங்கிவிடும் பூ. அதை டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோர்த்து மணிக்கணக்கை நொடிகளில் காட்டும் வீடியோவாக எடுக்க ஆசை. கையில் 8 மெகாபிக்சல் கேனான் பவர்ஷாட் ஒன்று இருக்கிறது. பழசு, டைம்லாப்ஸ் வசதி கிடையாது. "போனில் பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது, எதற்கு இந்தப் பாடு?" என்கிறான் தம்பி. என் மனசு கேமரா பக்கம் சாய்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழையலென்ஸ்:
யோசிக்கவே வேண்டாம், கேமராதான். பவர்ஷாட்டுக்கு சிஎச்டிகே என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. மெமரி கார்டில் போட்டு வைத்தால் போதும், கேமராவின் சொந்த மென்பொருளை அது தொடுவதில்லை. கார்டை எடுத்துவிட்டால் கேமரா பழையபடிதான். உங்கள் மாடலுக்கும் அதன் ஃபர்ம்வேர் (கேமராவின் சொந்த மென்பொருள்) பதிப்புக்கும் பொருந்துகிற கோப்பை மட்டும் பார்த்து இறக்குங்கள். கூடவே வரும் இன்டர்வலோமீட்டர் ஸ்கிரிப்ட்டில் எத்தனை நொடிக்கு ஒரு படம் என்று சொல்லிவிட்டால், அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும்.

கணக்கு இதுதான். பூ விரிய 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நொடிக்கு ஒரு படம் என்றால் 480 படம். நொடிக்கு 24 பிரேம் வீதம் ஓட்டினால் 20 நொடி வீடியோ.

கைப்பேசி_போதும்:
இதைப் படிக்கும் புதியவர் அந்த இடத்திலேயே ஓடிவிடுவார். ஃபர்ம்வேர் பதிப்பு, ஸ்கிரிப்ட், அப்புறம் 480 படத்தைக் கணினியில் ஏற்றிக் கோர்ப்பது. எதற்கு? ஐபோனில் 2014லிருந்தே டைம்லாப்ஸ் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடினாலும் இடைவெளியைத் தானே கூட்டிக்கொண்டு, கடைசியில் 20லிருந்து 40 நொடிக்குள் வீடியோவைக் கையில் கொடுத்துவிடும். திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். சார்ஜரில் செருகி வைத்தால் பேட்டரிக் கவலையும் இல்லை. மேசையில் தூங்கும் பழைய போனே இதற்குப் போதும். பூ விரிவதைப் பார்ப்பதுதானே நோக்கம்?

பழையலென்ஸ்:
நண்பரே, நீங்கள் வசதி என்று சொல்வதுதான் என் குறையே. நேரம் ஓட ஓட போன் இடைவெளியை இரட்டிப்பாக்குகிறது. அப்படிச் செய்யும்போது முன்பு எடுத்த பிரேம்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று நம்மைக் கேட்பதில்லை. கேமராவில் 480ம் தனித்தனிப் படமாக நம்மிடம் இருக்கும். இதழ்கள் பிரியும் கட்டத்தை மெதுவாக ஓட்டலாம், ஒன்றும் நடக்காத முதல் அரை மணியை வெட்டலாம். 8 மெகாபிக்சல் படம் 3264க்கு 2448 பிக்சல். முழு எச்டி வீடியோவுக்குத் தேவை 1920க்கு 1080தான். மீதி இடத்தை வைத்து, எடிட்டிங்கில் பூவின் நடுவே உள்ள மகரந்தக் கொத்து வரை மெல்ல நெருங்கிப் போகலாம். போன் தரும் எச்டி வீடியோவில் அப்படி நெருங்கினால் படம் உடைந்துவிடும்.

இன்னொன்று வெளிச்சம். மாடியில் ராத்திரி. கேமராவில் ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனைக் குறைத்து வைத்து, ஷட்டரை ஒரு நொடி திறந்து எடுக்கலாம். பூ அவ்வளவு வேகமாக அசையாது. வெள்ளை இதழில் உள்ள மெல்லிய நரம்பு கூடத் தெரியும். டைம்லாப்ஸ் ஓடும்போது போன் பெரும்பாலும் வீடியோ போலத்தான் எடுக்கிறது, இருட்டில் புள்ளி புள்ளியாகிவிடும்.

மாடித்தோட்டம்:
ஒரு நொடி திறந்து எடுத்தால் காற்றில் பூ ஆடாதா?

பழையலென்ஸ்:
ஆடும். தொட்டியைக் கீழே அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, மொட்டு தொங்கும் அந்தப் பட்டைத் தண்டை ஒரு குச்சியில் கட்டுங்கள். மொட்டின் காம்பு வளைந்து மேலே நிமிர்ந்து நுனி பருத்திருந்தால் நாள் நெருங்கிவிட்டது. விரிந்தால் பூ கை அகலத்துக்கு வரும், அதற்கு இடம் விட்டு ஃபிரேம் வையுங்கள்.

எல்இடி மேசை விளக்கைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தால் வெளிச்சம் மெத்தென்று விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்இடிகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். குறைந்த நேரம் திறந்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், ஒரு நொடியில் அது சமனாகிவிடும். ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு), ஃபோகஸ் எல்லாவற்றையும் கையால் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் வீடியோ மினுக் மினுக் என்று அடிக்கும்.

வடகிழக்கு_மேகம்:
"எல்லாவற்றையும் பூட்டு" என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பூ என்றால் சரி. நான் ஐப்பசி மேகங்களை எடுக்கிறவன். மாலை 5 மணிக்குப் பூட்டி வைத்தால் 7 மணிக்குத் திரை கறுத்திருக்கும். அங்கே லென்ஸின் துளை அளவை மட்டும் பிடித்துவைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை கேமராவிடம் விட வேண்டும். மினுக்கலை அப்புறம் எல்ஆர்டைம்லாப்ஸ் மாதிரி மென்பொருளில் சரிசெய்யலாம். மாடித்தோட்டம், நீங்கள் அந்தி வெளிச்சத்தில் தொடங்கினால் இதே சிக்கல் வரும். ஜன்னலை மூடிவிடுங்கள், அல்லது நன்றாக இருட்டிய பிறகு தொடங்குங்கள்.

கைப்பேசி_போதும்:
பாருங்கள், இப்போது ஜன்னலை மூடச் சொல்கிறீர்கள், தண்டைக் கட்டச் சொல்கிறீர்கள். இதெல்லாம் போனுக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழைய பேட்டரி திரை எரிய எரிய 4 மணி நேரம் தாங்குமா? பாதி விரியும்போது கேமரா அணைந்தால் அந்தப் பூ போச்சு. 480 தடவை ஷட்டர் அடிப்பதால் வரும் தேய்மானம் வேறு.

பழையலென்ஸ்:
பேட்டரி பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம், தாங்காது. பேட்டரி வடிவிலேயே ஒயரோடு டம்மி பேட்டரி கிடைக்கும், அதைச் செருகிச் சுவர் மின்சாரத்தில் ஓட்ட வேண்டும். மின்வெட்டு உள்ள ஊர் என்றால் இன்வெர்ட்டர் லைனில். ஷட்டர் கவலை வேண்டாம். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆருக்கே ஒரு லட்சம் தடவை என்று கணக்குச் சொல்வார்கள். வருஷத்துக்குச் சில இரவு பூ எடுப்பதால் தேய்ந்துவிடாது.

கைப்பேசி_போதும்:
இந்தப் பூவுக்குக் கேமரா என்றால் சரி, விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பொதுவாக என் கருத்து மாறவில்லை. கேமராவில் எடுத்த படங்கள் எத்தனையோ பேரிடம் வீடியோவாகாமல் ஹார்ட்டிஸ்கிலேயே கிடக்கின்றன. போனில் எடுத்தவர் மறுநாள் காலை பாட்டிக்கு அனுப்பிவிடுகிறார்.

பழையலென்ஸ்:
கோர்ப்பது ஐந்து நிமிட வேலை. எஃப்எஃப்எம்பெக் என்கிற வீடியோ மென்பொருள் இலவசம், படங்கள் உள்ள ஃபோல்டரைக் காட்டி ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்தால் வீடியோ வந்துவிடும். அந்த வரியை நானே எழுதித் தருகிறேன்.

மாடித்தோட்டம்:
சரி, கேமராதான். தம்பியின் பழைய போனையும் பக்கத்தில் ஓடவிடுகிறேன், அவனும் பார்க்கட்டும். பழையலென்ஸ், மாடல் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். ஃபர்ம்வேர் பதிப்பை எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள், இன்றே கார்டைத் தயார் செய்துவிடுகிறேன்.