காரைக்குடிப் பக்கத்துத் தாழிக்காட்டுக்கு எப்படிக் காலம் சொல்வது?

கண்மாய்க்கரை எழுதியது:
காரைக்குடிக்கு மேற்கே, எங்கள் கண்மாயை ஒட்டிய செம்மண் மேட்டில் செம்பூரான் கற்களை வட்டமாகப் பதித்த அமைப்புகளும், மழை அரித்த இடங்களில் விளிம்பு மட்டும் தெரியும் தாழிகளும் (இறந்தோரைப் புதைத்த பெரிய பானைகள்) உள்ளன. தாழி ஓடு விரல் கனம் இருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் சிறு கலங்களின் ஓடுகள் உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் வழவழப்பாக உள்ளன. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இடுகாட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என 2025இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இந்த மேடும் 5,000 ஆண்டுப் பழமை உடையது என்று ஊரார் பேசுகின்றனர். அவ்வாறு கொள்ளலாமா? அதற்கும் முன்னர் நம் சமவெளிகளில் மனிதர் வாழ்ந்தனரா?

மண்ணடுக்கு எழுதியது:
கொள்ள இயலாது ஐயா. சிவகளையிலேயே ஒரு தாழியின் நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது. அதே இடுகாட்டின் கரித்துண்டு ஒன்று கி.மு. 3345 என்கிறது. ஓரூர் இடுகாட்டுக்குள்ளேயே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கும்போது, அங்குள்ள எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து சிவகங்கைச் சீமையில் வைப்பது முறையன்று. கறுப்பு சிவப்பு ஓடும் தனியாக நின்று காலம் சொல்லாது, ஏனெனில் இரும்புக்காலம் தொடங்கிச் சங்க காலத்திலும் அது புழக்கத்தில் இருந்தது. நம் மாவட்டத்துக் கீழடியில் கி.மு. 580 என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், மாதிரி 353 செ.மீ. ஆழத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்பது பதிவானதுதான்.

மாதிரி எது என்பதும் முக்கியம். கரித்துண்டில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிமக் கணிப்பு தருவது, அந்தக் கரிக்கு மூலமான மரம் வளர்ந்த காலத்தை. முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதி (நடுக்கட்டை) எரிந்த கரியாக இருந்தால், அடக்கம் நடந்த நாளைவிட அது நூறாண்டுகளுக்கு மேல் முந்தியும் காட்டலாம். ஓராண்டுப் பயிரான நெல்லில் இந்தச் சிக்கல் இல்லை. நம் செம்மண்ணின் அமிலத்தன்மையில் எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடுவதால், தாழியின் அடியில் தங்கிய தானியமே நம்பத்தக்கது. மணல்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளித்தூண்டல் முறைக்கோ, வெளிச்சம் படாத குழாயில் மண்ணெடுக்க வேண்டும். ஆர்வத்தில் யாராவது மண்வெட்டி போட்டால் தானியம், மண் ஆகிய இரண்டு மாதிரிகளும் கெடும்.

தேரிமணல் எழுதியது:
இரண்டாம் கேள்விக்கு என் விடை: வாழ்ந்தனர். சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை 1863இல் இராபர்ட் புரூசு பூட் கண்டறிந்தார். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்டனர். கரிமக் கணிப்பு 50,000 ஆண்டுக்கு மேல் செல்லாது என்பதால், அங்கே காசுமிக் கதிர்கள் கல்லில் விட்டுச்சென்ற அணுக்களை அளந்தனர். நமக்கு அருகில் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) நுண்கற்கருவிகள், அதாவது மிகச் சிறிய கற்கருவிகள், கிடைக்கின்றன. பையம்பள்ளி போன்ற வடபகுதி ஊர்களில் தெளிவாக உள்ள புதிய கற்காலம் தென்சமவெளியில் மங்கலாகவே இருப்பதால், இங்கே நுண்கற்காலத்தை அடுத்து இரும்பு வந்தது என்று கொள்வோரும் உண்டு. ஆனால் தேடாத இடத்தை இல்லாத இடம் என்று எழுதிவிடக் கூடாது என்பது என் கருத்து.

கண்மாய்க்கரை எழுதியது:
நன்றி ஐயா. மேட்டின் தென்கோடியில் கிராவல் அள்ளுகிறார்கள். வெட்டுமுகத்தில் இரண்டு தாழிகள் பாதியாக நிற்கின்றன.

மண்ணடுக்கு எழுதியது:
அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஓடு எதையும் எடுக்காமல், இன்றே வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள்.