உச்சியில் வழியாத லாவா

கயல்விழி: பெரியப்பா, பள்ளிக் கண்காட்சிக்காக நான் வரைந்த சிண்டர் கூம்பு எரிமலையின் படத்தை இப்போதுதான் அனுப்பினேன். உச்சியிலிருந்து லாவா நான்கு பக்கமும் வழிவதுபோல் வரைந்திருப்பது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியப்பா: உச்சியில் உள்ள கிண்ணம் போன்ற பள்ளம் நன்றாக வந்திருக்கிறது, கண்ணு. ஆனால் இவ்வகை எரிமலையில் லாவா பெரும்பாலும் வாய் நிரம்பி வழிவதில்லை. கூம்பின் அடிவாரத்தை உடைத்துக்கொண்டுதான் வெளியேறும்.

முகிலன்: வாய் திறந்தே இருக்கும்போது அது ஏன் அடியைத் தேடிப் போக வேண்டும், பெரியப்பா?

பெரியப்பா: நாம் மலை என்று சொல்வது உண்மையில் ஒரு குவியல் என்பதால்தான். வாயு மிகுந்த பசால்ட் மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிக் கிடக்கும் கரும்பாறைக் குழம்பு, மேலேறும்போது, அழுத்தம் குறையக் குறைய, அதில் கரைந்திருந்த நீராவி முதலான வாயுக்கள் குமிழ்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, வாயருகே வெடித்து, உருகிய பாறையைத் துண்டு துண்டாக வானில் வீசும். அவற்றில் பெரும்பாலானவை பறக்கும்போதே இறுகி, ஓட்டைகள் நிறைந்த கசடாக வாயைச் சுற்றி விழுந்து குவியும். வாயுவை இழந்த லாவாவோ அந்தக் கசடைவிட அடர்த்தி மிக்கது. ஒட்டாமல் கிடக்கும் குவியலுக்கு அதைத் தாங்கி உச்சிவரை ஏற்றும் வலு இல்லாததால், அது அடியிலேயே வழி கண்டுகொள்கிறது. சில வேளைகளில் கூம்பின் ஒரு பக்கத்தையே பெயர்த்துச் சுமந்து போய்விடும். அப்போது குதிரை லாட வடிவம்தான் மிஞ்சும்.

அத்தை: அண்ணா, மக்காச்சோள வயலில் ஒரு மலை முளைத்தது என்பார்களே, அதுவும் இந்த வகைதானா?

பெரியப்பா: அதுவேதான், மெக்சிகோவின் பாரிகுத்தின். 1943 பிப்ரவரி 20 அன்று தியோனிசியோ புலிதோ என்ற உழவரின் வயலில் நிலம் பிளந்து, புகையும் கந்தக நாற்றமும் கிளம்பின. ஒரே நாளில் ஏறத்தாழ 50 மீட்டர் எழுந்த கூம்பு, 1952இல் ஓய்ந்தபோது வயல்மட்டத்துக்கு மேல் 424 மீட்டர் உயர்ந்திருந்தது. இரண்டு ஊர்களை லாவா மூடியது. அவற்றுள் ஒன்றான சான் ஹுவான் பரங்கரிகுத்திரோவில், கருங்கல்லாய் உறைந்த லாவாவுக்கு நடுவே தேவாலயக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அந்த லாவாவும் பெரும்பாலும் அடிவாரத் திறப்புகளிலிருந்து வந்ததுதான்.

அத்தை: சில கூம்புகள் செக்கச்செவேல் என்று இருக்கின்றனவே, உள்ளே இன்னும் சூடு இருப்பதாலா?

பெரியப்பா: இல்லையம்மா, அது ஒருவகைத் துரு. கசடு சூடாக இருந்தபோதே காற்றும் நீராவியும் பட்டு, அதிலுள்ள இரும்பு சிவந்துவிடுகிறது.

முகிலன்: ஒருமுறை ஓய்ந்த கூம்பு மறுபடியும் வெடிக்குமா?

பெரியப்பா: பெரும்பாலானவை ஒரே ஒரு வெடிப்புக் காலத்தோடு முடிந்துவிடும். ஆனால் 1850இல் பிறந்த நிகரகுவாவின் செரோ நெக்ரோ இருபது முறைக்கு மேல் வெடித்திருக்கிறது, கடைசியாக 1999இல். விதிக்கு அடங்காத பிள்ளை எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

முகிலன்: என்னைச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

கயல்விழி: திருத்திய படத்தை அனுப்பியிருக்கிறேன், பெரியப்பா. உச்சியில் நெருப்புத் துண்டுகள் மட்டும் பறக்கின்றன. லாவாவை அடிவாரத்துக்கு இறக்கிவிட்டேன்.

பெரியப்பா: லாவா இப்போது சரியான இடத்தில் இருக்கிறது. சரிவுதான் கோபுரம்போல் நிற்கிறது. உதிரிக் கசடு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரைதான் சாய்ந்து நிற்கும்; அதற்கு மேல் போனால் தானாகவே உருண்டு இறங்கிவிடும். உன் கோணமானியை வைத்து ஒருமுறை அளந்து பார்.

கயல்விழி: அளந்துவிட்டேன், 58 பாகை வருகிறது. அழிப்பானைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.