ஜன்னல் ஓர மேசை காலியா இருந்தும் கிச்சன் கதவுப் பக்கம் உட்கார வைக்கிறாங்களே, ஏன்?

நாடோடி77:
போன மாசம் ஒரு டூரிஸ்ட் ஊர்ல, ஏரியைப் பார்த்தாப்புல இருக்குற ஹோட்டல்ல 3 நாள் தங்கினோம். ரெஸ்டாரன்ட்ல ஏரிப்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான். காலை 8.45க்கு இறங்கிப் போனா, அந்தப் பக்கம் 6 மேசை காலி. நாப்கின்கூட மடிச்சு வச்சிருக்கு. எங்களைக் கொண்டுபோய் உட்கார வச்சது கிச்சன் கதவுக்குப் பக்கத்துல. கதவு ஆடுறப்பல்லாம் என் மனைவி காப்பிக் கப்பைக் கையால மூடிக்கிட்டா. "அந்த மேசை கிடைக்குமா?"ன்னு கேட்டேன். கேப்டன் சிரிச்சுக்கிட்டே, "அந்தப் பக்கம் இப்ப சர்வீஸ் இல்ல சார்"னுட்டார். ஆம்லெட் வர 25 நிமிஷம். பஃபே பாத்திரத்துலயும் கால்வாசிதான் இருந்துச்சு. மறுநாளும் இதே கதை. மூணாம் நாள் 7 மணிக்கே போனோம், ஜன்னல் ஓரமா விட்டாங்க. ரூம் வாடகையில ஏரிக்கும் சேர்த்துத்தானே வாங்குறாங்க? ஆள் பார்த்து நடத்துறாங்களா?

ஊர்சுத்தி:
வேறென்ன? செருப்பைப் பார்த்தே மேசையை முடிவு பண்ணிடுவாங்க.

பழைய கேப்டன்:
14 வருஷம் கேப்டனா இருந்துட்டு வேற தொழிலுக்கு வந்துட்டேன், அதனால தைரியமாச் சொல்றேன். நீங்க பார்க்குறது மேசையை, நாங்க பார்க்குறது ஸ்டேஷனை. ஹாலை 4, 5 ஸ்டேஷனாப் பிரிச்சு ஒவ்வொண்ணையும் ஒரு வெயிட்டர்கிட்ட விடுவோம். சீசன் ஊர்ல பாதிப் பேர் சீசனுக்கு எடுத்த ஆளுங்க. ஒருத்தர் வரலேன்னா அந்த ஸ்டேஷனையே மூடிடுவோம். நாப்கின் முந்தின ராத்திரி ஷிஃப்ட் மடிச்சு வச்சதா இருக்கும், அதை நம்பாதீங்க. ஆள் இல்லாத பக்கம் உட்கார வச்சா ஏரியைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம், காப்பி வராது.

ஆம்லெட் கணக்குக்கு வருவோம். 8.30லேர்ந்து 9.30க்குள்ளதான் மொத்த ஹோட்டலும் இறங்கும். முட்டைக்கு ஒரே ஆள், ரெண்டு அடுப்பு, ஒரு ஆம்லெட்டுக்கு 3 நிமிஷம்னு வைங்க. உங்களுக்கு முன்னாடி 16 கேஓடி (கிச்சனுக்குப் போற ஆர்டர் சீட்டு) நின்னா அங்கேயே 24 நிமிஷம் போச்சு. பக்கத்துல நிக்குற குக் ஏன் கை கொடுக்கலேன்னா, அவர் செக்ஷன் வேற. 1890ல லண்டன் சவாய் ஹோட்டல் கிச்சனுக்குப் பொறுப்பேத்த பிரெஞ்சு செஃப் எஸ்காஃபியே காலத்துலேர்ந்து பெரிய ஹோட்டல் கிச்சன்கள் ஓடுற முறை இது. ஓடுற வரைக்கும் அழகு, ஒரு இடத்துல அடைச்சா எல்லாம் அடைக்கும்.

பஃபே கால்வாசி இருந்ததைக் குறை சொல்லாதீங்க. சூடான சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுவந்து மாத்துற இடத்துலதான் நான் நம்பிச் சாப்பிடுவேன்.

ஆனா அந்தக் கேப்டனை விட மாட்டேன். "ஆள் வரல சார், 20 நிமிஷம் இருந்தா நானே பார்த்துக்குறேன்"னு சொல்லியிருக்கணும். வெறும் சிரிப்பு என்ன பதில்? கதவோர மேசையை நான் ஹால் நிரம்பின பிறகுதான் கொடுப்பேன். ஆள் பார்க்குறதே இல்லேன்னும் பொய் சொல்ல மாட்டேன். மேனேஜரோட ஆளுங்களுக்குன்னு ரெண்டு நல்ல மேசையை ஒளிச்சு வைக்கிறது நடக்குறதுதான். ஆனா ரெண்டு மேசை, ஆறு இல்ல.

அடுத்த தடவை வெயிட்டர் கையைப் பாருங்க. எச்சில் பிளேட் கிடக்குற மேசையைத் தாண்டி வெறுங்கையோட கிச்சனுக்குப் போறாரா? அங்க சொல்லிக்கொடுக்க ஆள் இல்லேன்னு அர்த்தம்.

நாடோடி77:
அண்ணா, வெறுங்கை விஷயம் சுருக்குனு பட்டுது. எங்க பக்கத்து மேசையில முட்டைக்கரு காஞ்சுபோன பிளேட் கடைசி வரை கிடந்துச்சு, அதைத் தாண்டி மூணு பேர் போனாங்க. மூணாம் நாள் 7 மணிக்கு என்னமோ காப்பி உடனே வந்துச்சு. ஜன்னல் ஓரம் வேற. ஏரி மேல அப்படியொரு பனி, கரைகூடத் தெரியல.