எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், அறுந்திருந்தது எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்

பைக் சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு உடையவில்லை, வெறும் சுளுக்கு என்றார்கள். ஐந்து வாரம் ஆகியும் கையை ஊன்றி எழுந்தாலோ ஈரத் துணியைப் பிழிந்தாலோ மணிக்கட்டின் மேல்பக்கம், நட்டநடுவில் சுருக்கென்று குத்தும், உள்ளே ஏதோ நழுவி ‘டொக்’ என்று உட்காரும்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இரண்டு கைகளையும் இறுக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். வலது கையில் ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு மணிக்கட்டு எலும்புகளுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி, இடது கையில் அதில் பாதிகூட இல்லை. முதல் எக்ஸ்ரே விரல்களை நீட்டி எடுத்தது, அதில் இது தெரியவே இல்லை. முஷ்டியை இறுக்கும்போது கேபிடேட் எலும்பு அந்த இரண்டுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்குகிறது, பிடிப்பு விட்டிருந்தால் அப்போதுதான் விலகும்.

மணிக்கட்டில் 8 குட்டி எலும்புகள், இரண்டு வரிசை. முன்கையை ஒட்டிய வரிசையில் இருக்கும் இந்த இரண்டிலும் முன்கைத் தசை எதுவும் நேராக வந்து ஒட்டுவதில்லை, சுற்றி இருப்பவை தள்ளுகிற பக்கம்தான் இவை போகும். ஸ்கேஃபாய்டு உள்ளங்கைப் பக்கம் கவிழப் பார்க்கும், சுண்டுவிரல் பக்கத்து ட்ரைக்வெட்ரம் பின்னால் சாயப் பார்க்கும், நடுவில் லூனேட். இந்த இழுபறியைச் சமன் செய்வது ஸ்கேஃபாய்டையும் லூனேட்டையும் பிணைக்கும், ‘C’ வடிவத்தில் இருக்கும் சின்ன லிகமென்ட். அதன் பின்பகுதிதான் தடித்தது, வலுவானது. எனக்கு அறுந்தது அதுதான். நாள் தள்ளினால் அறுந்த முனை சுருங்கிவிடும், அப்புறம் நேரடியாகத் தைப்பது கஷ்டம் என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். எலும்புகள் விலகாமல் இருக்க 8 வாரம் கம்பி.

—

எனக்கும் இதே லிகமென்ட்தான், ஆனால் பாதிக் கிழிசல். எம்.ஆர்.ஐ.யிலேயே பிடிபடவில்லை, மூட்டுக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியில்தான் தெரிந்தது. கம்பி எடுத்த பிறகு அவசரப்பட்டு கையை ஊன்றி விடாதீர்கள். எனக்கு பிசியோவில் முதலில் கொடுத்தது டார்ட் எறிகிற மாதிரி சாய்வாக அசைக்கும் பயிற்சி, அந்த அசைவில் முன்கையை ஒட்டிய வரிசை எலும்புகள் அதிகம் நகராதாம், லிகமென்ட்டுக்கும் இழுப்பு குறைவு.

—

எனக்கும் இதே காயம்தான், ஆனால் நான் சுளுக்கு என்றே நம்பி வருடக்கணக்கில் விட்டுவிட்டேன். இப்போது ஸ்கேஃபாய்டும் முன்கை எலும்பான ரேடியஸும் உரசி குருத்தெலும்பு தேய்ந்து போய்விட்டது. லிகமென்ட்டைத் தைக்கும் கட்டம் தாண்டிவிட்டது, ஸ்கேஃபாய்டை எடுத்துவிட்டு மணிக்கட்டின் வேறு நான்கு எலும்புகளை ஒன்றாக இணைக்கலாம் என்கிறார்கள், வலி குறையும், ஆனால் மணிக்கட்டு பழையபடி மடங்காது. இந்த ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு அசைவு மிஞ்சியது என்று சொல்லுங்கள்.