ஒன்பது ஊர்வலம் எடுத்தேன், எல்லாம் ஒரே நாள் மாதிரி இருக்கிறது

தூரிகை:
போர் எதிர்ப்பு இயக்கம் ஒன்றைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். ஓராண்டில் ஒன்பது ஊர்வலம், 40 மணி நேரக் காட்சி. போட்டுப் பார்த்தால் பதாகை, கோஷம், உயர்த்திய கை, போலீஸ் தடுப்பு, திரும்பவும் பதாகை. பின்னணிக் குரல் எழுதிச் சமாளிக்கலாமா?

வெட்டிஒட்டி:
குரலை அப்புறம் பார்க்கலாம். கூட்டம் கலைந்த பிறகு எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நான் எடிட் செய்த ஒரு படத்தில் கடைசி வரை தாக்குப்பிடித்தது, பதாகையை எப்படிச் சுருட்டுவது என்று இரண்டு பேர் போட்ட சண்டைதான். கேமராவை அணைக்க மறந்ததால் கிடைத்தது!

பிரிட்டனில் கிரீனம் காமன் பெண்கள் முகாமைப் பற்றி பீபன் கிட்ரனும் அமாண்டா ரிச்சர்ட்சனும் எடுத்த 1983ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். அமெரிக்க ஏவுகணைகள் வரவிருந்த விமானப்படைத் தளத்தின் வாசலில் 1981 செப்டம்பரில் தொடங்கிய முகாம் அது. 1982 டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் கைகோத்துத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். செய்திக்காரர்களுக்கு அந்த ஒரு நாள் போதும். கிட்ரனும் ரிச்சர்ட்சனும் முகாமிலேயே தங்கினார்கள். அதனால்தான் சேறும் குளிரும் பாட்டும் வாக்குவாதமும் படத்துக்குள் வந்தன.

கூர்காது:
ஒலியை விட்டுவிட்டீர்களே. கேமரா மைக்கில் கோஷம் வெறும் இரைச்சலாகத்தான் பதியும். ஒருவர் சட்டையில் மைக் மாட்டி அவர் கூடவே நடங்கள். வெறும் பேச்சைக் கண்டும் பயப்பட வேண்டாம். 1971இல் டெட்ராய்ட்டில் ஒரு விடுதியில், வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் மூன்று நாள் சாட்சியமாகச் சொன்னார்கள். அதைப் பதிவு செய்த ஆவணப்படத்தில் பெரும்பாலும் முகங்கள்தான். கண்ணை எடுக்க முடியாது.

தூரிகை:
தேடினேன், ஒன்று இருக்கிறது. ஓர் அம்மா பதாகையைத் தலைகீழாகப் பிடித்தபடி பேருந்துக்கு நிற்கிறார். மகன் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்கிறார். நான்கு நிமிடம். முகத்தைக் காட்டலாமா?

வெட்டிஒட்டி:
அதை அவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தாலும் சரி, எடிட் செய்ததைப் போட்டுக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். மகன் பெயர், படைப்பிரிவு எதுவும் வேண்டாம். அவர் தயங்கினால் பதாகை பிடித்த கை மட்டும் போதும். ஆனால் முகத்தை மறைத்தாலும் குரல் காட்டிக்கொடுக்கும், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.