அவசரம்: போனில் ஏற்றிய கணக்கு அலுவலகக் கணினியில் காணவில்லை

கிடங்குப்பதிவு – காலை 8.50
வணக்கம். நேற்று இரவு சரக்கு இருப்புக் கணக்கு முழுவதையும் போனிலேயே ஏற்றி முடித்தேன். காலையில் அலுவலகக் கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பழைய கணக்குதான் நிற்கிறது. நேற்று ஏற்றியதில் ஒரு வரிகூட இல்லை. போனில் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. இணையம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. போனை அணைத்து மறுபடி போட்டும் பார்த்துவிட்டேன். 11 மணிக் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் காட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வடகாற்று – 8.56
இடம் நிரம்பியிருக்கும் நண்பரே. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை டிரைவ், ஜிமெயில், புகைப்படங்கள் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. போனில் எடுக்கும் படங்களும் வீடியோக்களும் தானாக ஏறிக்கொண்டிருந்தால் நிரம்பியது நமக்குத் தெரியவே தெரியாது. இணையத்தில் கோப்புகளை வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் என்றால் இன்னும் குறைவு, இலவசக் கணக்குக்கு 5 ஜிபிதான். முதலில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் காரணம்.

ஆற்றங்கரை – 8.58
எந்தச் செயலி, எக்செலா கூகுள் ஷீட்ஸா? ஆண்ட்ராய்டா ஐபோனா? போனில் எந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்கள், அலுவலகக் கணக்கா சொந்தக் கணக்கா? எல்லாவற்றையும்விட, அந்தக் கோப்பு உங்கள் போனுக்கு எந்த வழியாக வந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது உடனே பதில் சொல்லுங்கள்.

கோடைமழை – 9.02
பேட்டரி சேமிப்பு முறைதான் காரணம். அது போட்டிருந்தால் திரை அணைந்தவுடன் செயலிகள் பின்னணியில் இயங்குவதைப் போன் நிறுத்திவிடும். நீங்கள் இரவு எழுதி முடித்துத் திரையை அணைத்திருப்பீர்கள், ஏற்றம் பாதியிலேயே நின்றிருக்கும். அமைப்புகளுக்குப் போய் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், சரியாகிவிடும்.

ஆற்றங்கரை – 9.03
கிடங்குப்பதிவு, தயவுசெய்து செயலியை நீக்க வேண்டாம். செயலியின் தரவையும் அழிக்க வேண்டாம். நீங்கள் எழுதியது இன்னும் மேலே ஏறாமல் போனுக்குள் காத்திருக்கிறது என்றால், அது இருப்பது செயலியின் சேமிப்பில். செயலியை நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும், எங்கே தேடினாலும் கிடைக்காது. போனில் வரிகள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, இப்போது கையில் இருப்பது அது ஒன்றுதான். அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

கோடைமழை, பின்னணிக் கட்டுப்பாடு பற்றி நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் என்ன நேர்ந்தது என்று தெரியும் முன்பே நீக்கச் சொல்லாதீர்கள்.

பழையமரம் – 9.10
இங்கே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. செயலியின் பெயர், போனின் வகை, கோப்பின் வகை, திரையில் வந்த செய்தி ஆகிய நான்கும் இல்லாத கேள்விக்கு மருத்துவரால்கூடப் பதில் சொல்ல முடியாது. பகுதியின் மேலே ஒட்டிவைத்த பதிவை ஒருவரும் படிப்பதில்லை. படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இன்னொன்று, நிறுவனத்தின் இருப்புக் கணக்கைக் கைப்பேசியில் எழுதுவது அடிப்படையிலேயே தவறு. நூற்றுக்கணக்கான வரிகளை உள்ளங்கை அகலத் திரையில் யார் சரிபார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் கணினியில்தான் எழுதுவார்கள்.

கிடங்குப்பதிவு – 9.14
எக்செல். ஆண்ட்ராய்டு. எல்லோரும் பயன்படுத்தும் கோப்புதான், மேலாளர் அனுப்பியது. பேட்டரி சேமிப்பை எடுத்துவிட்டேன், மாற்றம் இல்லை. இடம் நிறைய இருக்கிறது.

நீலக்குறிஞ்சி – 9.17
கோப்பின் பெயர் முடிவில் என்ன இருக்கிறது, எக்ஸ்எல்எஸ் என்றா எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றா? முன்னது பழைய வடிவம். 2007ஆம் ஆண்டு எக்செலோடுதான் புதிய வடிவம் வந்தது. பழைய வடிவக் கோப்பில் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுத முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பை அதே வடிவில் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்தார்கள், மாதம் ஒரு முறையாவது இந்தத் தொல்லைதான்.

போன் இல்லாமல் டேப்லெட் என்றால் அதையும் சொல்லுங்கள். 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் சந்தா இல்லாமல் எக்செல் கோப்பைத் திருத்த முடியாது, பார்க்கத்தான் முடியும்.

வடகாற்று – 9.19
இடம் நிறைய இருக்கிறது என்றால் எந்தக் கணக்கில் பார்த்தீர்கள்? போனின் இடத்தைப் பார்த்தீர்களா, மேகச் சேமிப்பின், அதாவது இணையத்தில் இருக்கும் சேமிப்பின் இடத்தைப் பார்த்தீர்களா? இரண்டும் வேறு வேறு. போனில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் மேலே நிரம்பியிருந்தால் ஏறாது.

ஆற்றங்கரை – 9.20
மேலாளர் அனுப்பினார் என்றால் எதில் அனுப்பினார்? கோப்பாகவே வந்ததா, தொட்டால் திறக்கும் இணைப்பாக வந்ததா? திறந்தவுடன் நேராக எழுத முடிந்ததா, இடையில் செயலி ஏதாவது கேட்டதா?

கிடங்குப்பதிவு – 9.27
வாட்ஸ்அப்பில் கோப்பாக வந்தது. திறந்தபோது எழுத விடவில்லை. நகலைச் சேமிக்கச் சொன்னது. சேமித்த பிறகு எழுத முடிந்தது.

ஆற்றங்கரை – 9.36
இதோ காரணம். இடம், பேட்டரி, வடிவம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியது வேறொரு கோப்பில்.

வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பாக வருவது, அனுப்பிய நேரத்தில் எடுத்த பிரதி. அதற்கும் ஒன்டிரைவில் இருக்கும் மூலக் கோப்புக்கும் அந்த நிமிடத்தோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. எக்செல் அதைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத வேண்டுமானால் நகலாகச் சேமிக்கச் சொல்லும். அந்த நகல் உங்கள் போனில் போய் உட்கார்ந்திருக்கும், அல்லது உங்கள் சொந்த ஒன்டிரைவில். அது ஒழுங்காகச் சேமிக்கப்பட்டும்விட்டது, அதனால்தான் போனில் எல்லாம் இருக்கிறது. அலுவலகக் கணினி திறப்பது மூலக் கோப்பை, அதில் நேற்று இரவு யாரும் கை வைக்கவில்லை. பெயர் இரண்டுக்கும் ஒன்று, அதுதான் கண்ணை மறைக்கிறது.

உறுதிசெய்துகொள்ள: போனில் எக்செலைத் திறந்து முதல் திரையில் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சிறிய சாம்பல் எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி அது, ஆனால் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான். அங்கே போன், பதிவிறக்கங்கள் என்றோ உங்கள் சொந்த ஒன்டிரைவ் என்றோ இருந்தால் நான் சொல்வது சரி. அலுவலகத்தின் பெயரோடு ஒன்டிரைவ் என்று இருந்தால் நான் சொல்வது தவறு, வேறு வழி பார்க்க வேண்டும். கோப்பின் பெயர் முடிவில் அடைப்புக்குறிக்குள் 1 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அதே பெயரில் இன்னொன்று ஏற்கெனவே போனில் இருக்கிறது.

இன்னொரு சோதனை: கணினியில் மூலக் கோப்பின் பதிப்பு வரலாற்றை, அதாவது யார் எப்போது திருத்தினார்கள் என்ற பட்டியலைத் திறங்கள். நேற்று இரவு நேரத்தில் உங்கள் பெயரில் எதுவும் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

கோடைமழை – 9.38
அப்படியானால் வேலை எளிது. போனில் இருக்கும் கோப்பை அப்படியே ஒன்டிரைவில் ஏற்றிப் பழையதன் மேல் போட்டுவிடலாம்.

ஆற்றங்கரை – 9.45
வேண்டாம். அதைச் செய்தால் ஒருவருடைய வேலையைக் காப்பாற்றப் போய் மற்றவர்களுடைய வேலையை அழித்துவிடுவோம். பொதுக் கோப்பு என்கிறார். மேலாளர் பிரதி எடுத்து அனுப்பிய பிறகு வேறு யாராவது மூலக் கோப்பில் எழுதியிருந்தால் அந்த வரிகள் போன் நகலில் இருக்காது. மேலே போட்டால் அவை போய்விடும். பதிப்பு வரலாற்றிலிருந்து மீட்கலாம்தான், ஆனால் 11 மணிக் கூட்டத்துக்கு முன்னால் அந்த வம்பு எதற்கு?

கிடங்குப்பதிவு, இப்படிச் செய்யுங்கள். போனில் அந்தக் கோப்பின் பெயருக்கு அருகில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, பகிர் என்பதைத் தேர்ந்து உங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். கணினியில் இறக்கி, பெயரை மாற்றிச் சேமியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நீங்கள் புதிதாக எழுதிய வரிகளை மட்டும் மூலக் கோப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒட்டும்போது சாதாரணமாக ஒட்டாமல் மதிப்புகள் மட்டும் என்று ஒட்டுங்கள். வேறு தாளைச் சுட்டும் சூத்திரம் அந்த வரிகளில் இருந்தால், சாதாரணமாக ஒட்டும்போது அது உங்கள் நகலையே சுட்டிக்கொண்டு வந்து நிற்கும். பிறகு ஒரு நாள் நகலை நீக்குவீர்கள், கணக்கு உடையும். மொத்தம் வரும் வரியை மூலக் கோப்பில் இருக்கிறபடியே விட்டுவிடுங்கள்.

பழையமரம் – 9.52
ஆற்றங்கரை சொல்வது சரியான வழி. ஆனால் கைப்பேசியை விட்டுவிட்டால் இந்தப் பாடு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகக் கோப்பு அலுவலகக் கணினியில், நாள்தோறும் வெளி வட்டில் ஒரு நகல். பல ஆண்டுகளாக நான் ஒரு கோப்பைக்கூட இழந்ததில்லை.

தாள்முனை – 9.58
ஐயா, கிடங்கில் நிற்பவர் கையில் கணினி எங்கே இருக்கிறது? பெட்டியை எண்ணும் இடத்திலேயே எழுதினால்தான் எண்ணிக்கை சரியாக வரும். காகிதத்தில் குறித்துவந்து மேசையில் உட்கார்ந்து ஏற்றும்போது 61 என்பது 16 ஆகிறது, அதை யாரும் கண்டுபிடிப்பதும் இல்லை. களத்தில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்குப் போன் வசதிக்காக வந்தது இல்லை, வேலைக் கருவியே அதுதான். கருவியை விடச் சொல்வதைவிட, கோப்பை இணைப்பாக அனுப்ப மேலாளருக்குச் சொல்லிக் கொடுப்பது மேல்.

வடகாற்று – 10.03
தாள்முனை சொல்வதுதான் என் கட்சியும். ஒன்டிரைவில் இருந்தால் வெளி வட்டு எதற்கு? எல்லாக் கருவியிலும் நகல் இருக்கிறதே, அதுவே காப்பு நகல்தானே.

பழையமரம் – 10.09
இல்லை. இந்த எண்ணத்தால் வேலையை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைவு என்றால் ஓர் இடத்தில் நடப்பது எல்லா இடத்திலும் நடக்கும், நீக்குவதும் சேர்த்து. போனில் விரல் தவறி ஒரு கோப்புறையை நீக்கினால் அலுவலகக் கணினியிலும் அது போகும். குப்பைத் தொட்டியில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். கூகுள் டிரைவில் 30 நாள், சொந்த ஒன்டிரைவ் கணக்கிலும் 30 நாள், அலுவலக ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். அதற்குள் யாரும் கவனிக்கவில்லை என்றால்? ஆண்டுக்கு ஒரு முறை திறக்கும் கோப்பை அதற்குள் யார் கவனிக்கப்போகிறார்கள்?

நீலக்குறிஞ்சி – 10.14
பதிப்பு வரலாற்றையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. சொந்த ஒன்டிரைவ் கணக்கில் கடைசி 25 பதிப்புகள்தான் கிடைக்கும். நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கும் கோப்பில் 25 எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் பழையமரம் ஐயா பக்கம்தான் நான்.

தாள்முனை – 10.19
காப்பு நகல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. போனில் எழுதக் கூடாது என்றதைத்தான் மறுத்தேன். அது வேறு வாதம். வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் எடுத்து வைக்கட்டும், நாங்கள் போனில் எழுதுகிறோம். இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

என் வருத்தம் வேறு. அலுவலகக் கணக்கைச் சொந்தப் போனில் போடச் சொல்கிறார்கள், அதன் பிறகு அந்தப் போனில் அவர்களுக்கு எவ்வளவு உரிமை என்று யாரும் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேலைக்கெனத் தனிப் பகுதி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அலுவலகம் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம், நம் படங்களைத் தொட முடியாது. இவ்வளவு காலமாக இருக்கும் வசதியைக் கேட்டு வாங்காமல் சொந்தச் செயலிகளோடு அலுவலகக் கோப்பைக் கலந்து வைத்திருக்கிறோம். நேற்று இரவு நகல் தவறான இடத்துக்குப் போனதற்கும் இந்தக் கலப்பு ஒரு காரணமாக இருக்கலாம்.

கோடைமழை – 10.22
அந்தத் தனிப் பகுதி போட்டால் போன் மெதுவாகிறது என்கிறார்களே?

தாள்முனை – 10.24
நினைவகம் குறைவான போனில் கொஞ்சம் சுமைதான். ஆனால் வேலை முடிந்ததும் ஒரே தொடுதலில் அந்தப் பகுதியை நிறுத்திவைக்கலாம், அலுவலக அறிவிப்பு ஒன்றுகூட வராது. அதற்காகவே நான் வைத்திருக்கிறேன்.

கிடங்குப்பதிவு – 10.31
சாம்பல் எழுத்தில் பதிவிறக்கங்கள் என்றுதான் இருந்தது. வரிகளை மூலக் கோப்பில் ஒட்டிவிட்டேன். நன்றி ஆற்றங்கரை, எல்லோருக்கும் நன்றி. கூட்டத்துக்குக் கிளம்புகிறேன்.

ஆற்றங்கரை – 10.33
நல்லது. கிளம்பும் முன் தேதி நெடுவரிசையை ஒரு பார்வை பாருங்கள். போனின் தேதி அமைப்பு மாதம்-நாள் என்று இருக்க, நீங்கள் நாள்-மாதம் என்று எழுதியிருந்தால், தேதிகள் குழம்பும். எக்செலில் உண்மையான தேதி கட்டத்தின் வலது ஓரமாக நிற்கும், வெறும் எழுத்தாகிப்போனது இடது ஓரமாக நிற்கும். 25/04 போன்றவை இப்படி இடது பக்கம் ஒதுங்கி நின்று தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். 03/04 போன்றவைதான் ஆபத்து. 12க்கு உட்பட்ட நாள் என்பதால் மாதமாகவும் செல்லும். ஏப்ரல் 3 என்று எழுதியது மார்ச் 4 ஆகி, வலது பக்கம் ஒழுங்காக நிற்கும். இருப்புக் கணக்கில் அது சரக்கு வந்த மாதத்தையே மாற்றிவிடும். ஒட்டிய வரிகளில் தேதி இந்த மாதத்துக்கு வெளியே எங்காவது போயிருக்கிறதா என்று வடிகட்டிப் பாருங்கள்.

வடகாற்று – 10.40
கிடங்குப்பதிவு, நேரம் கிடைக்கும்போது மேலாளரிடம் மூலக் கோப்பின் இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். போனில் அலுவலகக் கணக்கில் உள்நுழைந்து அந்த இணைப்பு வழியாகத் திறந்தால் எழுத எழுத நேராக மூலக் கோப்பிலேயே ஏறும். அப்படியே இடமும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆற்றங்கரை – மாலை 4.15
தேதிகள் சரியாக இருந்தனவா? போனில் இருக்கும் நகலை அதைப் பார்த்து முடிக்கும்வரை நீக்க வேண்டாம்.