நேராகப் போனால் ஒழுங்கு, திரும்பினால் வம்பு

கேமராவையும் ஐஎம்யூவையும் (முடுக்கத்தையும் திரும்பும் வேகத்தையும் அளக்கும் சென்சார்) சேர்த்து ரோபோ ஓட்டியவர்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுங்கள், நானே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு நாலு சக்கர வண்டி ஒன்று செய்தோம். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் ஒற்றைக் கேமரா, பக்கத்திலேயே 200 ஹெர்ட்ஸ் ஐஎம்யூ. கட்டடத்துக்குள் ஓட வேண்டியது, ஜிபிஎஸ் கிடையாது. மென்பொருள் வின்ஸ்-மோனோ, இரண்டையும் சேர்த்து வண்டி போகும் பாதையைக் கணிப்பது. யூரோக் என்ற பொதுச் சோதனைத் தரவைப் போட்டால் அழகாக ஓடும், எங்கள் வண்டியில் போட்டால் நேராகப் போகும்வரை ஒழுங்கு, வளைவில் திரும்பியதும் பாதை சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும்.

மூன்று வாரம் ஐஎம்யூ மீதுதான் பழி. முடுக்க அளவில் 0.05 மீ/வி² பிழை இருந்தாலே 10 நொடியில் இரண்டரை மீட்டர் தள்ளிவிடும் என்று பலகையில் எழுதியெல்லாம் காட்டினேன். கணக்கு சரிதான், குற்றவாளி வேறு. கடைசியில் காலிபர் என்ற அளவுத்திருத்த மென்பொருளில், கட்டம் போட்ட அட்டை முன்னால் கேமராவை ஆட்டிப் பார்த்தபோது கேமரா நேரத்துக்கும் ஐஎம்யூ நேரத்துக்கும் சுமார் 30 மில்லிநொடி வித்தியாசம் வந்தது. படம் எடுத்த நேரத்தை விட்டுவிட்டு, யுஎஸ்பி வழியாக வந்து சேர்ந்த நேரத்தை டைம்ஸ்டாம்ப்பாகப் போட்டிருக்கிறோம்! நொடிக்கு 90 டிகிரி திரும்பும் வண்டியில் அது 2.7 டிகிரி. ஐஎம்யூவில் திரும்புவதை அளக்கும் ஜைரோ திரும்பியாச்சு என்கிறது, கேமரா இன்னும் இல்லை என்கிறது.

பதில்:
நேரக் குளறுபடி செவ்வாயிலும் நடந்திருக்கிறது. 2021 மே 22 அன்று இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் ஆறாவது பறத்தலில், கிளம்பி 54 நொடி ஆனபோது ஒரே ஒரு ஃபிரேம் தவறிப்போனது. அதற்குப் பிறகு வந்த படங்களுக்கெல்லாம் தவறான நேரம். 20 டிகிரிக்கு மேல் சாய்ந்து ஆடியபடியே போய், குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இறங்கிவிட்டது. அப்படிப் பார்த்தால் உங்கள் வண்டி தேவலை.

பதில்:
என் ரோபோவை லிஃப்ட்டில் ஏற்றினேன். கேமராவுக்கு லிஃப்ட் சுவர் அசையவே இல்லை, ஐஎம்யூவுக்கோ யாரோ மேலே தூக்குகிறார்கள். கதவு திறந்தபோது அது எந்த மாடியில் இருப்பதாக நினைத்தது என்று கேட்காதீர்கள். இப்போது கதவு மூடியதும் நிறுத்திவிட்டு, புது மாடியில் முதலிலிருந்து தொடங்குகிறேன். தீர்வு இல்லை, தப்பித்தல்தான்.

பதில்:
ட்ரோன் அதிர்வுக்குப் பயந்து கேமராவுக்கு மட்டும் அடியில் ரப்பர் வைத்தேன், ஐஎம்யூ சட்டத்தில் இறுக்கமாக. அப்புறம் இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் ஒவ்வொரு நொடியும் மாறினால், அதை முன்கூட்டியே அளந்து வைக்கும் காலிப்ரேஷன் எதற்கு? இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் பூட்டி, தகட்டுக்கு அடியில் ரப்பர் வைத்த பிறகுதான் அடங்கியது.
அண்ணா, வின்ஸ்-மோனோவிலேயே அந்த நேர வித்தியாசத்தைக் கணித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே, போட்டுப் பார்த்தீர்களா?

பதில்:
போட்டேன் தம்பி. தாமதம் ஒரே அளவாக இருந்தால் பிடித்துக்கொள்கிறது. எங்களுக்கு அதே யுஎஸ்பி ஹப்பில் ஹார்ட் டிஸ்க்கும் இருந்ததால் தாமதமே ஏறி இறங்கியது. இப்போது ட்ரிகர் கம்பி உள்ள கேமரா வாங்கியிருக்கிறோம், ஐஎம்யூ போர்டே படமெடுக்கச் சொல்கிறது. கம்பியைச் சால்டர் செய்ய அரை மணி நேரம் ஆனது.